ஓசி டிவிக்கு யார் காசு கொடுத்தது?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதியது. பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடு முடிவில் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இந்த பாட்காஸ்டுக்கு மாசாமாசம் ஆகிற செலவை எப்படிச் சமாளிக்கிறது? நடுவில் விளம்பரம் போடலாமா, இல்லை காசு கட்டினால்தான் கேட்க முடியும்னு வைக்கலாமா? வந்த பதில்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்தன. "விளம்பரம் வந்தால் அன்ஃபாலோ" என்று ஒரு கட்சி. "காசு கேட்டால் அன்ஃபாலோ" என்று இன்னொரு கட்சி. ஆக, அன்ஃபாலோ மட்டும் உறுதி.

இந்தச் சண்டை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், நம்ம வீட்டு டிவிப் பெட்டிக்குள்ள ஐம்பது வருஷமா நடக்கிற சண்டைதான் இது. முடிவெடுக்கும் முன்னால் அந்தக் கதையை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம்னு உட்கார்ந்தேன். அதுதான் இன்றைய எபிசோடு.

எறும்பு ஓடிய திரை

2003 செப்டம்பர். எனக்கு ஆறு வயசு. பெரம்பூரில் வாடகை வீடு. ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டேன். தினமும் பார்க்கிற கார்ட்டூன் சேனலில் படம் இல்லை, எறும்பு ஓடுது. சிக்னல் இல்லாதபோது கறுப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாக ஓடுமே, அதை நாங்க எறும்புன்னுதான் சொல்வோம். அடுத்த நம்பருக்குப் போனேன், அங்கேயும் எறும்பு. ஸ்போர்ட்ஸ் சேனலிலும் எறும்பு.

சாயங்காலம் கேபிள் அண்ணன் வந்தார். "அக்கா, இனிமே அந்த சேனலுக்கெல்லாம் பாக்ஸ் வாங்கணும். கவர்மெண்ட் ரூல்." பாக்ஸ் எவ்வளவுன்னு அம்மா கேட்டாங்க. சில ஆயிரம் ரூபாய்னு சொன்னார். அம்மா சிரிச்சிட்டாங்க. அந்தச் சிரிப்போடு என் கார்ட்டூன் வாழ்க்கை முடிந்தது.

அப்போது விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆயா வந்திருந்தாங்க. என் அழுகையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாங்க: "நேத்து வரைக்கும் வந்துச்சில்ல? இன்னிக்கு யாரு எடுத்துட்டுப் போனா?"

பதினைந்து வருஷம் கழித்து வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ப்ராஜெக்டில் என் வேலை, எந்த யூசருக்கு எந்தப் பக்கம் தெரியணும்னு முடிவு செய்கிற கோடு எழுதுவது. காசு கட்டியிருக்கிறாரா, காட்டு. கட்டவில்லையா, காட்டாதே. ஒருநாள் ராத்திரி அதை டெஸ்ட் பண்ணும்போதுதான் உறைத்தது. ஆறு வயசில் என் கார்ட்டூனை எடுத்துட்டுப் போனதும் இதே மாதிரி ஒரு இஃப் கண்டிஷன்தான்.

ஆயாவின் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னால் போகணும்.

தபால் ஆபீஸில் கட்டிய டிவிப் பணம்

இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் வீட்டில் டிவி வைத்திருந்தால் லைசன்ஸ் எடுக்கணும். ரேடியோவுக்கு இருந்த மாதிரியே, தபால் ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டணும்.

இதைக் கவனிங்க. முதலில் டிவி இலவசமாக இருந்தது, அப்புறம்தான் காசு கேட்க ஆரம்பிச்சாங்கன்னு நாம நினைக்கிறோம். நடந்தது தலைகீழ். நம்ம ஊரில் டிவி கட்டணத்தோடுதான் பிறந்தது, விளம்பரம் இல்லாமல். 1976-இல் தூர்தர்ஷனில் விளம்பரம் வந்தது. 1982-இல் கலர் வந்தது. அதற்கு இரண்டு மூன்று வருஷத்தில் லைசன்ஸ் முறையே ஒழிந்தது. பார்க்கிறவர் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் விளம்பரதாரர் வந்து உட்கார்ந்தார்.

அந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதற்கு நல்ல உதாரணம் 'ஹம் லோக்'. 1984 ஜூலை 7 அன்று தொடங்கிய இந்தித் தொடர், 150-க்கும் மேல் எபிசோடு. குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை மாதிரியான விஷயங்களைக் கதையாகச் சொல்லணும் என்பதுதான் அரசின் நோக்கம். ஆனால் அதைத் தாங்கிப் பிடித்த ஸ்பான்சர், அப்போது நம்ம ஊருக்குப் புதுசாக வந்திருந்த மேகி நூடுல்ஸ். நாடகமும் ஓடியது, நூடுல்ஸும் ஓடியது. இந்த ஃபார்முலா வேலை செய்யுதுன்னு தூர்தர்ஷனுக்கும் தெரிந்துவிட்டது, கம்பெனிகளுக்கும் தெரிந்துவிட்டது. 1987-இல் 'ராமாயணம்' வந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே காலியாக இருக்கும்னு எங்க அப்பா இன்னும் சொல்வார்.

ஆனால் சென்னையில் இருந்தவர்களுக்கு இந்த இலவசத்தில் ஒரு குறை இருந்தது. ராத்திரி நேரத்தில் தேசிய ஒளிபரப்பு வந்துவிடும், அது பெரும்பாலும் இந்தியில்தான். தமிழில் பாட்டு பார்க்கணும்னா வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வரைக்கும் காத்திருக்கணும். டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்காருவாங்க. தில்லியிலிருந்து வந்த இலவசம் எல்லோருக்கும் வந்தது உண்மை. ஆனால் யாருக்கு என்ன வேணும்னு கேட்டு வரவில்லை.

கேபிள் அண்ணனின் நோட்டு

1991-இல் வளைகுடாப் போர் நேரத்தில் சாட்டிலைட் டிவி இந்தியாவுக்குள் நுழைந்தது. அதே வருஷம் ஸ்டார் டிவி. 1992-இல் ஜீ. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. தமிழில் பார்க்க இவ்வளவு பசி இருக்குன்னு தில்லிக்குத் தெரியாத விஷயம் சந்தைக்குத் தெரிந்திருந்தது. விளம்பர டிவியைத் திட்டும்போது இதையும் நாம ஞாபகம் வச்சுக்கணும். அரசு இலவசமாகக் கொடுக்காத தமிழை, சோப்பு விளம்பரம் கொடுத்தது.

இந்த சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? நம்ம தெருவில் மொட்டை மாடியில் டிஷ் வைத்து, மாடிக்கு மாடி ஒயர் இழுத்த கேபிள் அண்ணன். சட்டம் வந்தது 1995-இல்தான். அதற்குள் ஒயர் ஊர் முழுக்கப் போய்விட்டது.

அவர் கையில் ஒரு நீள நோட்டு இருக்கும். வீட்டு நம்பர், பெயர், பன்னிரண்டு கட்டம். காசு கொடுத்தால் ஒரு டிக். இந்த நோட்டில்தான் அந்தக் கால டிவிப் பொருளாதாரத்தின் ரகசியமே இருக்கு. கட்டண சேனல்கள் கேபிள்காரரிடம் 'உங்ககிட்ட எத்தனை வீடு இருக்கோ அத்தனைக்கும் காசு கொடு'ன்னு கேட்கும். ஆனால் அனலாக் கேபிளில் சிக்னல் ஒருவழிப் பாதை. எந்த முனையில் எத்தனை டிவி மாட்டியிருக்குன்னு சேனலுக்குத் தெரியவே தெரியாது. நோட்டில் என்ன காட்டினாலும் நம்பித்தான் ஆகணும். உதாரணத்துக்கு, நூறு வீடு இருந்தால் இருபதுன்னு கணக்குக் காட்டலாம். அப்படித்தான் நாடு முழுக்க நடந்தது. சேனல்காரர்கள் அதைத் திருட்டு என்றார்கள்.

ஆனால் பார்க்கிறவர் பக்கத்திலிருந்து பாருங்க. எங்க வீட்டில் நூறு ரூபாய்க்கு எல்லா சேனலும் வந்தது. கணக்கில் காட்டாத எண்பது வீட்டுக் காசில் ஒரு பங்குதான் நமக்குக் கிடைத்த தள்ளுபடி. சந்தாப் பணம் ஒழுங்காக வராததால் சேனல்கள் விளம்பரத்தைத்தான் நம்பியிருந்தன. விளம்பரத்துக்குக் கூட்டம் வேணும். கூட்டம் வேணும்னா யாரையும் துரத்த முடியாது. அதனால்தான் கார்ட்டூனும் கிரிக்கெட்டும் ஒரே ஒயரில் எங்க வீட்டுக்கு வந்தன.

ஒரு இஃப் கண்டிஷன்

சந்தாக் கணக்கைச் சரிசெய்யத்தான் 2002-இல் கேபிள் சட்டத்தைத் திருத்தினார்கள். கண்டிஷனல் அக்சஸ் சிஸ்டம், சுருக்கமாக கேஸ். கட்டண சேனல்களை என்கிரிப்ட் பண்ணி அனுப்பு. பாக்ஸ் இருந்தால்தான் திறக்கும். எந்த சேனலைப் பார்க்கிறாயோ அதற்கு மட்டும் காசு கொடு. கட்டணமில்லாத சேனல்கள் குறைந்தது முப்பது, மாசம் 72 ரூபாயும் வரியும் கொடுத்தால் பாக்ஸ் இல்லாமலே வரும்.

இஞ்சினியராகப் பார்த்தால் அழகான டிசைன். வேண்டாததுக்கு ஏன் காசு கொடுக்கணும்? நியாயமான கேள்வி. நாலு பெருநகரங்களில் தொடங்குவதாகத் திட்டம். தில்லி, மும்பை, கொல்கத்தாவில் ஒத்திப்போட்டுக்கொண்டே போனார்கள். சொன்னபடி நடந்த ஒரே ஊர் சென்னை, 2003 செப்டம்பர் 1. மற்ற மூன்று ஊர்களுக்கும், அதுவும் சில பகுதிகளுக்கு மட்டும், அது வர 2006 டிசம்பர் கடைசி ஆனது.

சென்னை என்ன செய்தது? எங்க அம்மா செய்ததைத்தான் செய்தது. சிரித்தது. லட்சக்கணக்கான கேபிள் வீடுகளில் பாக்ஸ் வாங்கியவர்கள் ரொம்பச் சின்னப் பகுதி. மற்றவர்கள் 72 ரூபாய்க்கு வருவது போதும்னு இருந்துவிட்டார்கள்.

இதை 'மக்களுக்குக் காசு கொடுக்க மனசில்லை' என்று முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எங்க அம்மா கணக்குப் போட்டுத்தான் சிரித்தாங்க. அப்பா சம்பளத்தில் அந்தப் பாக்ஸ் ஒரு மாச மளிகை. விலை என்று ஒன்று ஒட்டினால் ஒவ்வொரு சேனலும் அரிசியோடும் பருப்போடும் போட்டி போடணும். கார்ட்டூன் தோற்றுவிடும். முழுக் கூட்டமாகச் சேர்த்து நூறு ரூபாய்னு இருந்தவரை ஆறு வயசுப் பையனுக்கும் அதில் ஒரு இடம் இருந்தது. தனித்தனியாக விலை வைத்ததும், வீட்டில் யாருக்குக் குரல் கம்மியோ அவருடைய சேனல்தான் முதலில் போனது.

கலர் டிவியும் எழுபது ரூபாயும்

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி உங்களுக்குத் தெரியும். கலர் டிவி இல்லாத வீட்டுக்கு இலவச கலர் டிவி. அந்த வருஷம் செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறாங்க' என்ற விவாதம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. இப்படி வாக்குறுதி கொடுப்பது தேர்தல் சட்டப்படி முறைகேடு ஆகாதுன்னு 2013-இல் தீர்ப்பு வந்தது.

ஆயா வீட்டுக்கு அந்தப் பெட்டிதான் முதல் டிவி. அதற்கு மேலே பூப்போட்ட துணி விரித்து, குங்குமம் வைத்து வச்சிருந்தாங்க. பெட்டி இலவசம், ஆனால் ஒயர் இலவசம் இல்லையே. மாசாமாசம் கேபிள் காசு கட்டணும். 'டிவியை இலவசமாகக் கொடுத்து, கேபிளுக்கு வாடிக்கை பிடிக்கிறாங்க' என்ற குற்றச்சாட்டு அப்போதே அரசியல் மேடைகளில் ஒலித்தது.

2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஆனால் அது பெரிசாக எழுந்து நின்றது ஆட்சி மாறிய பிறகு, 2011 செப்டம்பர் 2-இல்தான். மாசம் 70 ரூபாய், 90 சேனல். ரெண்டு கட்சிகள், ரெண்டு திட்டங்கள், இருவருக்கும் தனித்தனி அரசியல் கணக்கு. ஆனால் ஆயா வீட்டில் ரெண்டும் ஒரே மேசை மேல் சேர்ந்து நின்றன. ஒரு முதல்வர் கொடுத்த பெட்டிக்குள் இன்னொரு முதல்வர் கொடுத்த ஒயர்.

மீட்டர் இல்லாத வீடு

சரி, ஆயா எழுபது ரூபாய்க்கு நாடகம் பார்த்தாங்க. மீதிக் காசை யார் கொடுத்தது? விளம்பரதாரர். விளம்பரதாரருக்கு யார் கொடுத்தது? சோப்பு வாங்கும்போது ஆயாவேதான். விளம்பரச் செலவு சோப்பு விலைக்குள் இருக்கு. டிவியே இல்லாத வீட்டுக்காரர் சோப்பு வாங்கினாலும் அதில் அவர் பங்கு இருக்கு.

காசு மட்டுமா? நேரமும்தான். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 12 நிமிஷம் விளம்பரம் என்பது விதி. தினமும் ரெண்டு மணி நேரம் டிவி பார்க்கிறவருக்கு அது 24 நிமிஷம். வருஷத்துக்கு 146 மணி நேரம். ராத்திரி பகல் சேர்த்து ஆறு நாள். ஓசி என்று சொல்லிக்கொண்டே வருஷத்தில் ஆறு நாள் உழைத்துக் கொடுக்கிறோம்.

இந்தப் பணம் கதைகளின் உருவத்தையும் மாற்றியது. 1930-களில் அமெரிக்க ரேடியோவில், வீட்டில் இருக்கும் பெண்களைக் குறிவைத்து சோப்புக் கம்பெனிகள் தொடர்களுக்கு ஸ்பான்சர் செய்தன. அதனால்தான் அவற்றுக்கு சோப் ஓபரா என்றே பெயர். நம்ம ஊரில் 'சித்தி' 1999-இல் வந்தது. பிறகு 'மெட்டி ஒலி', 'கோலங்கள்'. வீட்டுச் சாமானை வாங்குகிற கை யாருடையதோ, அவருடைய கதை ப்ரைம் டைமில் வந்தது. அதில் அழுகை அதிகம், சூழ்ச்சி அதிகம் என்பதெல்லாம் சரி. ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணை, கம்பெனி நடத்தும் பெண்ணை தினமும் ராத்திரி கிராமத்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதே தொடர்கள்தான்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2001-க்கும் 2003-க்கும் நடுவில் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் ஆய்வு செய்தார்கள். மற்றவை பீகார், கோவா, ஹரியானா, தில்லி. கேபிள் வந்த கிராமங்களையும் வராத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். 2009-இல் வெளியான முடிவு: கேபிள் வந்த பிறகு, கணவன் அடிப்பதை நியாயம் என்று சொன்ன பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேணும் என்பது குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் பங்கு கூடியது. அந்தக் கிராமங்களில் சேனலுக்கு ஒரு விலைன்னு வைத்திருந்தால் இது நடந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கு. விளம்பரதாரர் காசு கொடுப்பது டிஆர்பி-யைப் பார்த்து. டிஆர்பி என்பது சில வீடுகளில் மீட்டர் வைத்து எடுக்கிற சாம்பிள். பல வருஷம் அந்த மீட்டர்கள் நகரங்களில்தான் இருந்தன. ஆயாவின் கிராமம் அந்தக் கணக்கில் ஏறக்குறைய கிடையாது. ஆயா பார்க்கலாம். ஆனால் ஆயா பார்க்கிறாங்கன்னு யாருக்கும் தெரியாது. அவருக்குப் பிடித்தது, பிடிக்காதது எதுவும் கணக்கில் வராது.

2015 அக்டோபரில் பார்க் என்கிற புது அளவீட்டு அமைப்பு கிராமங்களையும் சேர்த்து எண்ண ஆரம்பித்தது. உடனே இந்தி சேனல்களின் வரிசையே மாறியது. நகரத்தில் யாரும் பெரிசாக மதிக்காத, பழைய தொடர்களை மறு ஒளிபரப்பு செய்கிற கட்டணமில்லாத சேனல்கள் மளமளவென மேலே வந்தன. அவை ஓடிக்கொண்டிருந்தது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷில். 2004-இல் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கியது, மாசக் கட்டணம் கிடையாது. அதில் இடம் பிடிக்க சேனல்கள்தான் ஏலத்தில் காசு கொடுக்கணும்.

2019 மார்ச்சில் நாலு பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்தி சேனல்களை ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து எடுத்துக்கொண்டன. காசு கட்டிப் பார்க்கட்டும் என்று. 2020-இல் திரும்பி வந்தன. எண்ணப்படாதவர்களை விட்டுவிட்டுப் போவது சுலபம். எண்ணிய பிறகு அவ்வளவு சுலபம் இல்லை.

மேட்ச் யாருடையது?

இந்தக் கேள்விக்கு நீதிமன்றமும் ஒரு பதில் சொல்லியிருக்கு. 1993-இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவதுன்னு தூர்தர்ஷனுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் சண்டை. 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகமும் இல்லை. 2007-இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிரணும்.

ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு எல்லை போட்டது. அப்படிப் பகிர்ந்த மேட்ச் தூர்தர்ஷனின் சொந்த ஆன்டெனாவிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் வரலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் வரக்கூடாது. உரிமை வாங்கியவர் பணம் போட்டிருக்கிறார், அதற்கும் நியாயம் வேணும் இல்லையா? ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. ஐபிஎல் ஐந்து வருஷ உரிமை 2022 ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தக் காசை யாரோ ஒருத்தர் திரும்ப எடுத்துத்தான் ஆகணும்.

யார் பார்க்கிறீர்கள்?

2003-இல் சென்னை சிரித்து ஒதுக்கிய அந்த இஃப் கண்டிஷன், கடைசியில் நாடு முழுக்க வந்தேவிட்டது. டிஜிட்டல் மாற்றம் 2017 மார்ச்சோடு முடிந்தது என்பது அரசுக் கணக்கு. 2019 பிப்ரவரியில் டிராயின் புது விலை முறை: நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டண சேனலுக்குத் தனி விலை. அந்த வாரம் அம்மா ஒரு தாளில் சேனல் பெயர்களை எழுதி, விலையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாங்க. எதைப் பார்க்கிறோமோ அதற்கு மட்டும் காசு என்றார்கள். காசு கட்டிய சேனலிலும் விளம்பரம் அதே 12 நிமிஷம்.

ஓடிடி வந்தபோது, இதாவது சுத்தமான கணக்கு என்று நானும் நம்பினேன். காசு கொடு, விளம்பரம் இல்லாமல் பார். 2025 ஜூனில் ப்ரைம் வீடியோ இந்தியாவில் விளம்பரத்தைக் கொண்டுவந்தது. அது வேண்டாம்னா மேலும் காசு. 2023-இல் ஜியோ சினிமா ஐபிஎல்லை இலவசமாகக் கொடுத்தது. 2025-இல் ஜியோ ஹாட்ஸ்டார் ஆன பிறகு, முழுசாகப் பார்க்கச் சந்தா. தொடங்கும்போது இலவசம், கூட்டம் சேர்ந்ததும் கட்டணம், கட்டணம் நிலைத்ததும் விளம்பரம். தபால் ஆபீஸில் லைசன்ஸ் கட்டிய காலத்திலிருந்து சுற்றிச் சுற்றி அதே மூன்று வாசல்தான்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே புதுசு. கேபிள் அண்ணனால் எண்ண முடியவில்லை. டிஆர்பி சாம்பிள்தான் எண்ணியது. ஓடிடி எல்லாவற்றையும் எண்ணுகிறது. எங்கே நிறுத்தினேன், எங்கே தள்ளினேன், எல்லாம். எண்ணப்படாததால் ஆயா இழந்தது நிறைய. அதே எண்ணப்படாத காலத்தில்தான் நான் நூறு ரூபாய் ஒயரில் கார்ட்டூனும் பார்த்தேன். ரெண்டும் உண்மை.

போன வருஷம் ஆயா சோழிங்கநல்லூரில் என் ஃப்ளாட்டுக்கு வந்தாங்க. கேபிள் கிடையாது. மூன்று சந்தா இருக்கு. டிவியைப் போட்டேன். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டு, என் பெயரும் என் ஃப்ரெண்டு பெயரும் வந்து நின்றன. ஆயா பெயர் இல்லை.

"என்ன ஆயா பாக்கறீங்க?"

"எது ஓடுதோ அதைப் போடு ராஜா."

எதுவும் ஓடவில்லை. நாம தேர்ந்தெடுத்தால்தான் ஓடும். பத்து நிமிஷம் தேடி ஒரு பழைய படம் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாங்க: "இது நம்ம ஊர்லயும் இப்ப ஓடுதா?" இல்லை ஆயா, இங்கே மட்டும்தான். "அப்ப நாளைக்கு யாருகிட்ட இதைப் பத்திப் பேசறது?" என்றாங்க.

அப்போ நம்ம பாட்காஸ்டு?

எனக்குப் புரிந்தது இதுதான். யாரோ ஒருத்தர் காசு கொடுத்துத்தான் ஆகணும். அதில் ஓசி என்பது கிடையாது. விளம்பரதாரர் கொடுத்தால் அவருக்கு வேண்டியவர்களைத்தான் எண்ணுவார். நீங்க கொடுத்தால் கொடுக்க முடிகிறவர்களைத்தான் நான் எண்ணுவேன், எனக்கே தெரியாமல். ஆனால் விளம்பரம் பார்க்கிறவர் ரிமோட்டை வைத்துத் தப்பிக்கலாம், எழுந்து தண்ணி குடிக்கப் போகலாம். கதவே மூடியிருந்தால் என்ன செய்வார்? ஆறு வயசில் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவன் நான்.

அதனால் முடிவு இது. எபிசோடும், இந்த எழுத்து வடிவமும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். தொடக்கத்தில் ஒரே ஒரு விளம்பரம், இது விளம்பரம்னு சொல்லிவிட்டு, நானே படிப்பேன். நீங்க யார், என்ன வாங்குறீங்கன்னு ஆராய்ந்து ஆளுக்கு ஒன்றாகச் சொருகுகிற விளம்பரம் கிடையாது. விருப்பப்பட்டுக் காசு கொடுக்கிறவர்களுக்கு விளம்பரம் இல்லாத ஃபைல் வரும். அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களுக்கு ஒரு நாள் முன்னாடி எபிசோடு கிடையாது, தனி எபிசோடும் கிடையாது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே எபிசோடைக் கேட்போம்.

செலவுக்கு இது போதுமான்னு தெரியாது. ஆறு மாசம் பார்ப்போம். கணக்கை அப்போது இங்கேயே சொல்கிறேன். அன்ஃபாலோ பண்ணப் போகிறவர்கள் அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க.

உங்க வீட்டில் முதல் டிவி எப்போது வந்தது, யார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தீங்க, 2003 செப்டம்பரில் உங்க திரையில் எறும்பு ஓடியதா? வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம். வணக்கம்.